கடை ஏச்சு

எங்கள் கடையில் சத்தம் போட்டு ஏசினால் அது பொய். மெதுவாகச் சொன்னால்தான் மெய். கண்டி நகரத்தில் இரண்டு தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம் எங்களுடையது. அந்தக் கடையில் எழுதி மாட்டாத சட்டம் இது. இந்தச் சட்டத்தில் பாதியை மட்டும் எடுத்து நான் ஒரு பெண்ணிடம் பயன்படுத்தினேன். அது அவள் கையை என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் பாரம் குறையும் என்கிறாள் என் மகள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

சட்டத்தை உண்டாக்கியவர் அப்பா. மேடையில் நடித்திருக்க வேண்டிய மனிதர், தவறிப்போய்த் துணி விற்றார். வாங்கிய சேலை ஒரே துவையலில் சாயம் போய்விட்டது என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தால், அவருக்கு அப்பா ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டார். சேலையை விற்ற ஆளின் பக்கம் திரும்புவார். கண் எங்கே இருக்கிறது, மூளை எங்கே இருக்கிறது, சோறுதானே தின்கிறாய் என்று தொடங்குவார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கடைசியில் வாசலைக் காட்டி, இன்றோடு உனக்கு வேலை இல்லை என்பார். ஆள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். இரண்டு நிமிடத்தில் சண்டைக்கு வந்த அம்மாவே, பிள்ளைகுட்டிக்காரர், விட்டுவிடுங்கள் என்று சமாதானத்துக்கு வந்துவிடுவார். மனம் இளகி வேறு ஒரு சேலையும் எடுப்பார்.

அவர் படியிறங்கியதும் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து, ஏச்சு வாங்கியவருக்கு ஒரு கிளாஸ் பால் தேத்தண்ணி வரும். மற்ற நேரமெல்லாம் எங்கள் ஆட்களுக்கு வெறும் தேத்தண்ணிதான். பால் வந்தால், 'நான் கத்தியது உன்னை அல்ல, மனதில் வைக்காதே' என்று பொருள். அப்பா அதை வாயால் சொன்னதே இல்லை. தீபாவளி நெருங்கினால் ஒரே ஆளுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை போகும். பழைய விற்பனையாள் ஒருவரின் மனைவி, அவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், இன்றைக்கு எத்தனை தரம் வேலை போனது என்றுதான் கேட்பாராம்.

மெய்யான பிழை என்றால் கதை வேறு. கடைக்குப் பின்னால் ஒரு சரக்கு அறை. துணிப் பொதிகளுக்கு நடுவில் இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். அப்பா கண்ணால் கூப்பிட்டு உள்ளே போவார். அங்கே அவர் குரல் கோயிலில் பேசுகிற அளவுக்கு இறங்கிவிடும். ஒரு முறை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், பொதிகளுக்குப் பின்னால் நான் பூச்சி மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். "கண்ணாடிப் பக்கம் பின்னேர வெயில் அடிக்குது. சேலையைக் கரை வெளியே தெரிய அடுக்குறதால சாயம் வெளுக்குது. உள்பக்கமா மடிச்சு அடுக்கு." முடிந்தது. அந்த ஆளின் கண்ணையோ மூளையையோ தின்கிற சோற்றையோ பற்றி ஒரு சொல் இல்லை. மறுநாளிலிருந்து சேலைகள் உள்பக்கமாக மடிக்கப்பட்டன. அந்தப் பேச்சு பிறகு ஒருநாளும் வரவில்லை. அதனால் எங்கள் கடையில் முதலாளியின் குரல் உயர்ந்தால் யாருக்கும் பயம் இல்லை. தாழ்ந்தால்தான் பயம்.

அப்பா போன பிறகு கடை என் கைக்கு வந்தது. கூடவே அவருடைய தொண்டையும் வந்தது. முதல் தரம் நான் ஒரு ஆளைப் பிடித்துக் கத்தியபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அப்பா கல்லாவுக்குப் பின்னால் நின்று பேசுவது போலிருந்தது. பழைய ஆட்கள் அதை ரசித்தார்கள். ஆனால் அவர்கள் நிலைக்கவில்லை. எழுபதுகள் அவை. இரு நாட்டு ஒப்பந்தப்படி ஒருவர் ஒருவராக இந்தியக் குடியுரிமைக் கடிதம் வந்து இந்தியாவுக்குப் போனார்கள். கண்டி ரயில் நிலையத்தில் மாலை போட்டு அழுது அனுப்பிவைத்துவிட்டு வந்து கடையைத் திறப்பேன். கடைசிப் பழைய ஆள் போனதும் பால் தேத்தண்ணிக்கு அர்த்தம் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஆள் போய்விட்டதே, பெருநாள் வியாபாரத்தை எப்படிச் சமாளிப்பது என்றுதான் கவலைப்பட்டேன்.

இறக்குமதித் துணி தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில் அவள் வேலைக்கு வந்தாள். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. கடையில் முதல் பெண் அவள்தான். பெண்கள் வந்து உள்பாவாடைத் துணி கேட்க ஆண்களிடம் கூச்சப்படுகிறார்கள் என்று என் மனைவி சொல்லித்தான் எடுத்தேன். காலை பஸ்ஸில் பேராதனை வழியாக வந்து கடை திறக்குமுன் வாசலில் நிற்பாள். அவளுடைய அம்மா, அக்கா, அண்ணி எல்லோரும் கொழுந்து பறிக்கிறவர்கள். அந்த லயத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்த முதல் ஆள் அவள் என்று அவளைக் கொண்டுவந்து விட்ட அவளுடைய அப்பா சொன்னார். சொன்னபோது அந்த மனிதர் நிமிர்ந்து நின்றது நினைவிருக்கிறது.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. கலஹா கடைத்தெருவில் ஒரு தையல்காரர், துணி வெட்டத் தெரிந்துகொண்டு வந்தால் தன் கடையில் ஒரு மெஷினில் உட்கார வைப்பதாக அவளிடம் சொல்லியிருந்தார். எங்கள் கடையில் கத்தரிக்கோல் என்பது பதவி. வேலைக்கு வந்து ஒரு வருடமாவது ஆகாமல் யாருக்கும் கொடுக்க மாட்டோம். அவளுக்கு ஐந்தாம் மாதமே கொடுத்தேன். அந்தக் கைக்கு அப்படி ஒரு திருத்தம் இருந்தது. கெஜக்கோலை ஒரு தரம் வைப்பாள், விரலால் ஒரு மடிப்புப் போடுவாள், கத்தரி ஓடும். திரும்ப அளந்தால் ஒரு நூல் பிசகாது. என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதை நான் அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. எங்கள் கடையில் ஏசுவதற்கு இரண்டு வழி இருந்தது, மெச்சுவதற்கு ஒரு வழியும் இல்லை.

பின்னறை விஷயமும் இருந்தது. ஒரு ஆண் முதலாளி இளம்பெண்ணைக் கண்ணால் கூப்பிட்டுப் பொதிகளுக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போய் மெதுவான குரலில் பேச முடியுமா? ஊர் சிரித்துவிடும். அவளை வேலைக்கு அனுப்பிய லயமும் சிரித்துவிடும். அதனால் சின்னச் சின்னப் பிழைகளை நான் சொல்லாமலே விட்டேன். நைலோன் துணியை இழுத்துப் பிடித்து அளந்தாள், ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மற்றவர்கள் அளப்பதைப் பார்த்து அவளே திருத்திக்கொண்டாள். எனக்கு நிம்மதி. அவளுக்கு என் மெதுவான குரல் தெரியவே தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

மடவளையில் ஒரு ஹாஜியார் இருந்தார், அப்பா காலத்து வாடிக்கை. மகளுடைய கல்யாணத்துக்குக் குடும்பத்துச் சிறுமிகள் எட்டுப் பேருக்கு ஒரே மாதிரிச் சட்டை தைக்கவேண்டும் என்று ரோஸ் நிறச் சாட்டின் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஆளுக்கு இரண்டரைக் கெஜம். சுருளின் அட்டையில் இருபது கெஜம் என்று போட்டிருந்தது, கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. அந்த நிறத்தில் அந்த ஒரு சுருள்தான் வந்திருந்தது. முதல் நாலு துண்டை அவள் வெட்டினாள். அப்போது யாரோ ஒரு அம்மா பாவாடைத் துணிக்கு வரவே, அவள் அந்தப் பக்கம் போனாள், கத்தரியை நான் வாங்கினேன். மூன்று துண்டு வெட்டினேன். ஹாஜியாரோடு பேரீச்சம்பழம் விலை ஏறியதைப் பற்றிப் பேச்சு. மிச்சம் இருந்தது எட்டாவது துண்டுதானே, அட்டையில் போட்டபடி இரண்டரை இருக்கும்தானே என்று அளக்காமல் அப்படியே மடித்துப் பொதிந்து கொடுத்தேன். இருபத்தைந்து வருடம் துணிக்கடையில் நின்றவன் செய்யக்கூடாத வேலை. அட்டையை நம்பாதே, கோலை நம்பு என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

நாலாம் நாள் காலையில் ஹாஜியார் திரும்ப வந்தார். சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். ஒரு துண்டை மேசையில் விரித்து, தையல்காரன் அளந்து பார்த்துவிட்டுக் கால் கெஜம் குறைகிறது என்கிறான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எட்டுப் புள்ளைக்கும் ஒண்ணு போலத்தானே தைக்கணும். ஒரு புள்ளைக்கு மட்டும் காணாதுன்னா அது அழாதா?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

துண்டின் ஒரு முனையில் ஆலையின் நீல முத்திரை இருந்தது. சுருளின் கடைசி முனையில் மட்டும்தான் அந்த முத்திரை இருக்கும். ஹாஜியார் விரித்ததுமே அதைப் பார்த்துவிட்டேன். இது அந்த எட்டாவது துண்டு. அட்டையில் போட்ட அளவு பொய், அளக்காமல் மடித்தது நான். இதை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அறிந்திருந்தேன். பிறகு யோசித்து அறிந்தது அல்ல. அதைப் பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

வாயைத் திறந்தபோது அப்பா வந்தார். நான் அவள் பக்கம் திரும்பினேன். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வெட்டினாய் என்று தொடங்கினேன். வழக்கமான வசனங்கள் எல்லாம் வந்தன. கூட்டம் பார்க்கிறது என்கிற தெம்பில் புதிதாக ஒன்றும் வந்தது.

"கொழுந்து பறிச்ச கை தானே. உன் கைக்கு அளவு வராது. எத்தனை வருஷம் நின்னாலும் வராது."

அப்பா கண்ணைத் திட்டுவார், சோற்றைத் திட்டுவார், ஒரு ஆள் வந்த வழியைத் திட்டியதில்லை. அது என் சொந்தச் சரக்கு.

அவள் மறுத்துப் பேசவில்லை. நான் வெட்டவில்லை என்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? எட்டில் நாலு அவள் வெட்டியது. எது யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முத்திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் துணியைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தாள். விரலை ஒரு தரம் விரித்து மூடினாள்.

நாடகம் பலித்தது. ஹாஜியாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "உடுங்க மொதலாளி, பொம்புளப்புள்ள. சின்னவளுக்கு இதையே ஒட்டுப் போட்டுத் தைக்கலாம், பார்ப்பம்" என்று துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் வழக்கப்படி பால் தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பினேன். கிளாஸ் வந்தது. அவளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் ஹாஜியாருக்குக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி முதலாளி வரவழைத்த தேத்தண்ணி என்று நினைத்திருக்கிறாள். ஹாஜியாரும் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். பின்னறை எதற்கு, எல்லோரும் பார்க்க ஏசியவன் எல்லோரும் பார்க்கத்தான் சொல்லியிருக்கவேண்டும். 'அந்தத் துண்டு நான் மடிச்சது புள்ள, உன் மேல பிழை இல்ல.' ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் கடையில் மற்ற ஆட்கள் என்னை மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. பழைய ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, இவளுக்கும் போகப்போகப் புரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கல்யாணத்துக்கு மடவளைக்குப் போயிருந்தேன். சிறுமிகள் எட்டுப் பேரும் ரோஸ் சட்டையில் பந்தலுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சட்டையில் ஒட்டு இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. தையல்காரன் அரை மணி நேரத்தில் சரிக்கட்டியிருந்தான். சாப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

கடையில், ஏசிய சனிக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்தே அவள் மூன்று தரம் அளந்தாள். கோலை வைப்பாள், எடுப்பாள், திரும்ப வைப்பாள். மடிப்பைப் போட்டுவிட்டு அழிப்பாள். கத்தரியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்ப்பாள். வாங்க வந்தவர்கள் பஸ் போய்விடும் என்று முணுமுணுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவள் வெட்டிய துணிகளில் உண்மையாகவே பிழை வரத் தொடங்கியது. ஒரு நாள் மேசை முழுக்க நேராக வந்த கத்தரி கடைசிச் சாணில் சாய்ந்தது. அவளே கத்தரியை என்னிடம் நீட்டி, "மொதலாளி, நீங்களே வெட்டிருங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என் பொய்யை அவள் மெய்யாக்கிக் காட்டுகிறாள் என்று கோபம். அன்றைக்கு நான் நிஜமாகவே கத்தினேன். இந்த முறை அது நாடகம் இல்லை. பால் தேத்தண்ணியும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் வரவில்லை. அவளுடைய அப்பா வந்தார். நின்றபடியே பேசினார், கதிரையில் உட்காரவில்லை. "கைக்கு அளவு வரலேங்கிறா மொதலாளி. மலையில கொழுந்து பறிக்கப் பேர் பதிஞ்சாச்சு" என்றார். இத்தனை நாள் வைத்துப் பார்த்ததற்கு நன்றியும் சொன்னார். அந்த மனிதரிடம் சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரே ஒரு முறை போனேன். கலஹா பஸ்ஸில் ஏறி, இறங்கி, விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றோடு அவளும் நின்றாள். கை இரண்டும் கறுத்துக் காய்த்துப் போயிருந்ததை அவ்வளவு தூரத்திலிருந்தே பார்த்தேனா, அல்லது பிறகு நானே நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. டவுன் முதலாளி வயதுப் பெண் ஒருத்தியைத் தேடி லயத்துக்கு வந்தால் பேச்சு வரும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நல்ல காரணம். அதைச் சுமந்துகொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடை எனக்குக் கடையாக இல்லை. யாராவது துணி வெட்டினால், கத்தரி பாதியில் வரும்போது அந்த வசனம் எனக்குக் கேட்கும். பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த கடையில், தெளிவாகக் கேட்கும். அப்பாவின் குரலில் கேட்கும். அவர் சொல்லாததை அவர் குரலில் கேட்பதுதான் கொடுமை. கெஜக்கோல் மேசையில் படுகிற சத்தம் மூன்று தரம் தொடர்ந்து வந்தால் திரும்பிப் பார்ப்பேன். வேறு யாராவது அளந்துகொண்டிருப்பார்கள். பேராதனைப் பாதையில் கலஹா பஸ் வந்து நிற்கும்போது, இறங்குகிற பெண்களின் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்ப்பேன். பைத்தியம் என்று என் மனைவி சொன்னாள். முழுக் கதையும் தெரிந்திருந்தால் வேறு சொல் சொல்லியிருப்பாள்.

கத்துவதை விட்டேன். அத்தோடு மெதுவாகச் சொல்வதையும் விட்டுவிட்டேன். ஆட்கள் பிழை விட்டால் நானே எடுத்துத் திருத்தி வைப்பேன், ஒன்றும் பேச மாட்டேன். அது பெருந்தன்மை என்று நினைத்தேன். என் மகன் கணக்குப் பாடத்தில் விழுந்துகொண்டே வந்தான், அவனிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவனான பிறகு அவன் ஒரு நாள் கேட்டான், நான் எதைச் செய்தாலும் நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்களே, நான் எப்படிப் போனாலும் உங்களுக்கு ஒன்றுதானா என்று. ஒரு பிள்ளையைச் சொல்லிக் கெடுத்தேன், ஒரு பிள்ளையைச் சொல்லாமல் கெடுத்தேன்.

பதினெட்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கடைக்குள் வந்தாள். கூடவே ஒரு பெண்பிள்ளை, பதினாறு வயதிருக்கும். எனக்கு உடனே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது, "மொதலாளி நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு சொட்டு வருத்தம் இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. மகளுக்கு ஒரு சுரிதார்த் துணி வேண்டும் என்றாள். நான் சுருளை விரித்து அளந்துகொண்டே, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டேன்.

பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்று அவள் சொன்னாள். பேராதனையில் ஒரு தையல் பயிற்சிக்குப் பெயர் வந்ததாம், ஆறு மாதப் பயிற்சி, முடித்தால் வேலையும் உண்டாம். இன்றைக்குப் பின்னேரத்துக்குள் சேருவதாகப் போய்ச் சொல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். வேண்டாம் என்று தானே மகளிடம் சொல்லிவிட்டாளாம்.

"நமக்கு எதுக்கு மொதலாளி அந்த வேலை? எங்க கைக்கு அளவு வராதுன்னு நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே. இவளுக்கும் என் கைதான். சின்னதுல இருந்து சொல்லித்தான் வளர்க்கிறேன், கோணலா வெட்டி ஊரான் துணியைப் பாழாக்காதேன்னு."

பிள்ளை மேசையில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தாள். கோலைக் கீழே வைத்தேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன், முடிந்தவரை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

"அது பொய் புள்ள. அந்தத் துண்டு நீ வெட்டினதில்ல. நான் மடிச்சுக் கொடுத்தது. அளக்காம கொடுத்தேன். தெரிஞ்சுகிட்டேதான் உன்னைய ஏசினேன். உன் கை மாதிரி ஒரு கையை இந்தக் கடையில நான் அதுக்குப் பிறகு பார்க்கல."

அவள் மகள் பக்கம் திரும்பி, நம் மனம் நோகக்கூடாது என்று பெரியவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் பார் என்றாள். எனக்குக் கை கூப்பினாள். நான் விடவில்லை. முத்திரையைப் பற்றிச் சொன்னேன். சுருளின் கடைசித் துண்டில்தான் முத்திரை இருக்கும், அந்த முனையில் யாரும் கத்தரியே வைக்கவில்லை, குறைவு ஆலையிலிருந்தே வந்த குறைவு என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிழை விட்ட வயதான ஆளிடம் காட்டுகிற பொறுமை அது.

"இல்ல மொதலாளி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் வெட்டினது கண்ணுக்குள்ளயே நிக்குது. கோலை வச்சேன், கால் கெஜம் உள்ள தள்ளிக் கத்தரியை வச்சுட்டேன். வைக்கும்போதே கை கோணிச்சு. இன்னைக்கும் அந்தச் சத்தம் கேட்கும்."

ஒருவரும் வெட்டாத துணி அது. அதை வெட்டிய கத்தரியின் சத்தம் பதினெட்டு வருடமாக அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் பிள்ளையிடம் திரும்பினேன். பேராதனைக்குப் போ, இப்போதே போ, நான் கூட வந்து சொல்கிறேன் என்றேன். அம்மாவின் கையில் குறை இல்லை, உன் கையிலும் இல்லை, குறை முழுக்க என் வாயில் என்றேன். கடை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆள் ஒருவர் வெட்டிப் பொதிந்து வைத்திருந்த துணியை அவள் எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கினாள்.

பிள்ளை உடனே போகவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் சொன்னதை நம்ப விரும்புகிறாள் என்று அந்த முகத்தில் தெரிந்தது. ஒரு நொடி வெளியே நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள். மரியாதையோடுதான் சொன்னாள்.